பிரேக் வந்தால் கலியாணம்

எங்கள் குடும்பத்தில் நல்ல நாள் பார்த்துத் தருகிறவர் சாத்திரியார் இல்லை, மான்பவர்காரர்தான். மகளுக்குக் காது குத்தியது, வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சிக் குடிபுகுந்தது, மாமனாரின் திவசத்துக்கு ஊருக்குப் போனது, என் பித்தப்பைக் கல்லை வெட்டி எடுத்தது, எல்லாமே அவர் ஒதுக்கித் தந்த நாட்களில்தான் நடந்தன. சாத்திரியாரிடம் பிறகு போவோம். அவரும் ஆள் தெரிந்தவர். பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அந்த நாளே திறமான நாள் என்று சொல்லி அனுப்புவார்.

மான்பவர்காரர் என்றால் ஆலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். என் கணவர் துறைமுகக் கரையில் ஓர் உர ஆலையில் வேலை செய்தார். கப்பலில் குவியலாக வரும் உரத்தை இறக்கி, பையில் நிரப்பி, வாயைத் தைத்து, லொறியில் ஏற்றி அனுப்புகிற இடம் அது. வேலை ஆலைக்கு, ஆள் மட்டும் ஆலையின் ஆள் இல்லை. தொடர்ந்து ஆறு மாதம் ஒருவர் வேலை செய்துவிட்டால் நிரந்தரம் கேட்டு வாய் திறக்கலாம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆலைக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆகவே ஆறு மாதம் நிறையப்போகிற நேரம் பார்த்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். தாங்களாக விலகுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இரண்டு கிழமை கழித்து, முன்பின் கண்டறியாதவர்களைச் சேர்ப்பதுபோல மறுபடி சேர்ப்பார்கள். இதற்குத்தான் பிரேக் என்று பெயர்.

சேர்க்கிற அன்று பாதுகாப்பு வகுப்பு நடக்கும். ஒரு அதிகாரி வந்து நின்று, இது தலைக்கவசம், இதைத் தலையில் போட வேண்டும் என்று காட்டுவார். தலையில் போடாமல் வேறெங்கே போடுவது என்று அவரே ஒரு பகிடியும் விடுவார். அந்தப் பகிடியை என் கணவர் வருடத்துக்கு இரண்டு தடவை கேட்டுச் சிரித்துவிட்டு வருவார்.

"கேட்ட பகிடிக்கு என்னெண்டு சிரிக்கிறீங்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சிரிக்காட்டி அந்தாள் பாவமெல்லோ" என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். ஈச்சிலம்பற்று ஆள். வாய் அதிர்ந்து கதைக்கத் தெரியாது. உரத்தூள் கண்மடலில் வெள்ளையாகப் படிந்து வீட்டுக்கு வருவார். வேர்வையோடு அது சேர்ந்தால் எரியும். கிணற்றடியில் நின்று முகத்தை அலசிக்கொண்டே மகளோடு கதைப்பார். மகள் அவருடைய வயிற்றில் தலை வைத்தால்தான் நித்திரை கொள்வாள்.

அவருடைய அண்ணன் கட்டாரில் இருக்கிறார். "விசா இருக்கு, எப்ப வாறாய்?" என்று கிழமைக்கு ஒருக்கா தொலைபேசியில் கேட்பார். நாங்கள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தோம். மகள் முதலாம் வகுப்புக்குப் போகுமுன் ஆலையில் நிரந்தரம் கிடைத்தால் அவர் இங்கே இருப்பார். கிடைக்காவிட்டால் கட்டார். மகளுக்கு இது தெரியாது. எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அரசாங்கத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியில் பந்தல் போட்டுக் கத்துகிறார்கள் என்று வாயை அடைக்கத் தந்த உத்தியோகம். எங்கள் அலுவலகத்தில் கதிரைகளைவிட உத்தியோகத்தர்கள் கூட. பிந்தி வந்தால் சன்னல் கட்டில் சாய்ந்து நின்றுதான் அபிவிருத்தி செய்ய வேண்டும். ஆனால் நிரந்தரம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. நாள் முழுக்க உரப்பை தைக்கிற மனிதருக்குப் பிரேக், நாள் முழுக்க விசிறிக்குக் கீழே இடம் தேடுகிற எனக்கு நிரந்தரம். இதை யார் திட்டமிட்டார்களோ, அவர்கள் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும்.

ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு முற்றத்தில் நின்றால் உள் துறைமுகம் தெரியும். உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கினோம். அந்தச் சிறப்பில் எங்களுக்கு வந்த பங்கு அவ்வளவுதான். கப்பல் வரும், உரம் தம்புள்ளைக்கும் பொலன்னறுவைக்கும் போகும், இலாபம் கொழும்புக்குப் போகும், தூசி இங்கே நிற்கும். மேலதிகாரிகளுக்கான நேர்முகம் கொழும்பில் நடக்கும். தேறியவர்கள் திங்கட்கிழமை வந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆலையின் பேருந்தில் திரும்பிப் போவார்கள். குறிஞ்சாக்கேணிக் களப்பில் பிடிக்கிற இறால்கூடக் கொழும்புக்குப் போய், ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து, நிலாவெளி ஹோட்டல்களுக்குத் திரும்பி வரும். இறாலுக்குக்கூட இங்கே நேரடியாக வேலை கிடையாது.

ஒரு விசயத்தில் மட்டும் ஆலையைக் குறை சொல்லக்கூடாது. பிரேக் கொடுப்பதில் இன வேறுபாடு பார்க்கமாட்டார்கள். என் கணவரோடு பை தைத்தவர்களில் குறிஞ்சாக்கேணி முஸ்லிம் ஆள் இருந்தார், கந்தளாய்ச் சிங்கள ஆட்கள் இருந்தார்கள். மூன்று கட்சிக்காரரும் வந்து அவரவர் ஆட்களைத் தனித்தனியே கூப்பிட்டு, மற்றவன்தான் உன் வேலையைப் பறிக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிரேக் வந்தால் மூன்று இன ஆட்களும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள்.

போன வருடம் எங்கள் அலுவலகத்திலிருந்து நிலாவெளியில் ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினார்கள். கிழக்கின் தொழில் எதிர்காலம் என்று பெரிய பதாகை. கதிரைக்கெல்லாம் வெள்ளைத் துணி சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் திரையில் கோடுகளைக் காட்டினார். கொழும்புப் பக்கம், மேற்கில், ஆட்கள் ஒரே வேலையில் வருடக்கணக்காக நிற்கிறார்களாம். அங்கே கோடு நீளம். கிழக்கில் எங்கள் கோடு கட்டை. ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டுவிடுகிறோமாம். எங்களிடம் வேலைக் கலாசாரம் குறைவு, மனப்பான்மையை மாற்றப் பயிற்சி தர வேண்டும் என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பினேன்.

"சேர், அந்தக் கோடு எல்லாருக்கும் சரியா ஆறு மாசத்துக்குக் கிட்ட முடியுதே. எங்கட மனப்பான்மைக்குக் கலண்டர் பார்க்கத் தெரியுமோ?"

மண்டபம் சிரித்தது. நிபுணரும் நல்ல கேள்வி என்று சிரித்தார். பிறகு திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எங்கள் மேலதிகாரி கண்ணால் இருக்கச் சொன்னார். மத்தியானம் நல்ல சாப்பாடு தந்தார்கள். கோபத்தில் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அதற்குச் சில மாதத்துக்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. ஆடியில் வரவேண்டிய பிரேக் வரவில்லை.

மான்பவர்காரரிடம் இந்த நாள் கணக்குகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துவந்த மேற்பார்வையாளர் ருமேனியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரும்போகத்துக்கு முன்னதாகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப நினைக்கவில்லை. ஆறு மாதம் முடிந்தது. அதற்கு மேலும் ஒரு மாதம் போனது.

என்னோடு படித்தவள் ஒருத்தி தொழில் திணைக்களத்தில் இருக்கிறாள். ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள்.

"வாயே திறக்கவேண்டாம் எண்டு சொல்லு. இந்தக் கப்பல் முடியட்டும், இந்த மாசச் சம்பளம் கையில வரட்டும். பிறகு எல்லாருக்குமாச் சேர்த்து நாங்கள் நிரந்தரம் கேட்டு எழுதுவம். அதுவரைக்கும் ஒரு நாளும் வேலையில நிண்டுபோகக் கூடாது."

எனக்குக் கால் தரையில் படவில்லை. அன்று பின்னேரம் அவர் கிணற்றடியில் நிற்கும்போதே விசயத்தைச் சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டார். முகத்தைத் துடைத்தார். பிறகு, "அப்ப தங்கச்சியின்ர கலியாணம்?" என்றார்.

அவருடைய கடைசித் தங்கச்சிக்கு ஆவணியில் கலியாணம். ஆடியில் பிரேக் வராமல் போனதும், பிந்தினாலும் ஆவணிக்கு வந்துவிடும் என்று நம்பித்தான் நாள் வைத்திருந்தார்கள். மாமனார் இல்லை. அண்ணன் கட்டாரில். பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்க இவர்தான் நிற்க வேண்டும்.

"விடியப் போய், தாலி கட்டினவுடனே பஸ் ஏறுங்கோ. அண்டைக்கு இரவு வேலைக்கு மாத்தி எடுங்கோ" என்றேன்.

"மாப்பிள்ளை வீட்டார் இருந்து சாப்பிட, பொம்பிளையின்ர தமையன் எழும்பி ஓடுறதோ?"

"ஓம், ஓடுங்கோ. ஓடினா உங்கட பிள்ளையோட இருக்கலாம்."

அவர் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய ஊரில் பேசாமல் இருப்பதற்கு வேறு எத்தனையோ கருத்துகள் உண்டு என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலைக்குள் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சொன்னதை அவர் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் சந்தோசப்படவில்லை, பயந்திருக்கிறார்கள். பிரேக் வரவில்லை என்றால் ஏதோ பிழை நடக்கப்போகிறது, ஒரேயடியாக நிற்பாட்டப் போகிறார்கள், வேறு மான்பவரிலிருந்து ஆள் வரப்போகிறது. போதாததுக்கு ஒவ்வொருவரும் பிரேக்கை நம்பி ஒவ்வொரு அலுவல் வைத்திருந்தார்கள். குறிஞ்சாக்கேணி ஆள் வாப்பாவைக் கண் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகக் காத்திருந்தார். கந்தளாய் ஆட்களுக்கு வயல் வேலை. சொல்லாமல் வீட்டில் நின்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். கடைசியில், சிங்களமும் கதைக்கத் தெரிந்தவர், மரியாதையான ஆள் என்று என் கணவரை முன்னால் விட்டுக்கொண்டு எல்லோருமாக ஆலை முகாமையாளரிடம் போய்விட்டார்கள். சம்பளத்துக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை.

அன்று மத்தியானம் நான் சுகமில்லாத மகளைப் பார்க்க வீட்டில் நின்றேன். வாசலில் ஆலையின் ஜீப் வந்து நின்றது. ஏதோ விபத்து என்றுதான் நினைத்தேன். அவர் முன் ஆசனத்திலிருந்து இறங்கி, சாரதிக்குக் கை காட்டிவிட்டு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"பிரேக் தந்திட்டாங்கள்!"

எனக்கு விளங்கவில்லை. விளங்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

"நாங்கள் போய்க் கேட்டனாங்கள். பெரியவர் அப்படியே திடுக்கிட்டுப் போனார். நல்ல காலம் ஞாபகப்படுத்தினீங்கள் எண்டு கையைப் பிடிச்சுக் குலுக்கினவர். தங்கச்சிக்குக் கலியாணம் எண்டு சொல்ல, தன்ர ஜீப்பிலயே கொண்டுபோய் விடச் சொன்னவர். முன் சீட்டில இருத்தி!"

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. மடையன் என்றேன். விசரன் என்றேன். உங்கட கழுத்துக்குக் கத்தியை நீங்களே தீட்டிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறீங்கள் என்றேன். பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. மகள் அழத் தொடங்கினாள். அவர் சப்பாத்தைக் கழற்றின கையோடு நின்று என்னையே பார்த்தார். நான் ஏன் கோபிக்கிறேன் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"எத்தினை வருசமா எடுக்கிறம். பிரேக் எங்களுக்கு வரவேண்டியதுதானே" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேலிருந்த கோபம் போய், வேறு ஆட்கள் மேல் போனது. ஒரு மனிதனுடைய உரிமையைப் பறிப்பது பெரிய வித்தையில்லை, எல்லா ஊரிலும் செய்கிறார்கள். பறித்ததையே உரிமை என்று அவன் வரிசையில் நின்று கேட்கும்படி பழக்கிவிட்டார்களே, அதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும்! அந்த நிபுணர் தேடித் திரிந்த வேலைக் கலாசாரம் இதுதான். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.

கலியாணம் நன்றாக நடந்தது. பொம்பிளையின் தமையன் கடைசிப் பந்திவரை நின்று பாயாசம் பரிமாறினார். நான் பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தேன்.

தொழில் திணைக்களத்துச் சிநேகிதி தலையில் கை வைத்தாள். ஆனாலும், இந்தமுறை அவசரத்தில் விலகல் தாளில் கையெழுத்து வாங்க மறந்துவிட்டார்கள் என்பதால், ஒரு வழி சொன்னாள். மறுபடி புது ஆளாகச் சேரக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. போடாமல் நின்று முறைப்பாடு கொடுத்தால், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்ததைக் காட்டி நிரந்தரம் கேட்கலாம். ஆலை கூப்பிட்ட அன்று மற்றவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் போகவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார். அந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்டார்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். விசாரணை அதிகாரி வயதான தமிழர். ஓய்வு பெற நெருங்கியவர் போல இருந்தார். ஆலையின் சார்பில் கொழும்பிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். நல்ல மரியாதை தெரிந்தவர், எனக்கும் எழும்பி வணக்கம் சொன்னார். ஆலை யாரையும் அனுப்பவில்லை, இவர்கள் தாங்களாக வந்து கேட்டு விலகினார்கள், அவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். அதிகாரி அதைத் தமிழில் சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"நீங்களாப் போய்க் கேட்டனீங்களோ?"

"ஓம் சேர்."

"என்னெண்டு கேட்டனீங்கள்? வேலையை விடப்போறன் எண்டோ?"

"இல்லை சேர். பிரேக் தாங்கோ எண்டு."

"தம்பி, சட்டத்தில பிரேக் எண்டு ஒண்டு இல்லை. லீவு எடுக்கிறது இருக்கு, விலகிறது இருக்கு. லீவு எடுத்தால் வேலை தொடருது எண்டு அர்த்தம். நீங்கள் கேட்டது லீவோ?"

அந்த மனிதர் கயிறு எறிகிறார் என்று விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் போதும். கொழும்புப் பெண்மணிகூட எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் மேசைக்குக் கீழே என் கணவரின் காலை மிதித்தேன்.

அவர் யோசித்தார். பிழையாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் முகத்தில் தெரிந்தது.

"எங்களுக்கு லீவு இல்லையே சேர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. தங்கச்சியின்ர கலியாணத்துக்குத்தானே போனனீங்கள்?"

"ஓம் சேர். ஆனா மான்பவர் ஆக்களுக்கு லீவு இல்லை. லீவு இருக்கிற ஆக்கள் வேற. இவட்டக் கேட்டுப் பாருங்கோ" என்று கொழும்புப் பெண்மணியைக் கையால் காட்டினார்.

பெண்மணி தலையாட்டினார். அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். பிறகு பேனையை எடுத்து எழுதினார். தானாக விலகியவர் நிரந்தரம் கேட்க ஏலாது என்பதுதான் அவர் எழுதியது. முறைப்பாடு கொடுத்தவரை ஆலை புது ஆளாகவும் திருப்பி எடுக்கவில்லை.

திணைக்களத்திலிருந்து வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அவர் என் கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நல்ல செய்தி சொல்கிறவரைப் போல என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாட்டக் கேட்டனான். கட்டாரில ரெண்டு வருசம் முடிய, ரெண்டு மாசம் லீவு தருவாங்களாம். லீவு எண்டே சொல்லித் தருவாங்களாம்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.